முகூர்த்த மெத்தையில் காலுறை

சென்னை வெயிலில் முழங்கால்வரை காலுறை போட்டுக்கொண்டு நடப்பவரை ஊர் இரண்டு விதமாகத்தான் புரிந்துகொள்ளும். ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுப் போன வாரம் திரும்பியவராக இருக்க வேண்டும். சைதாப்பேட்டையிலிருந்து தியாகராய நகருக்குப் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் நடுவயதுச் சந்திரிகா இந்த இரண்டிலும் சேரவில்லை. அதனால் அவள் புடவைக் கரைக்குக் கீழே எட்டிப் பார்த்த தோல்நிறத் துணியைக் கண்டவர்கள் தங்களுக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டார்கள். பேருந்தில் ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கால் எந்த விபத்தில் போனது என்று மிகுந்த பரிவோடு விசாரித்தாள். கால் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று சந்திரிகா சொன்னதும், ஏமாற்றிவிட்டார்களே என்பதுபோல அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நின்று நின்று அவள் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுபோயிருந்தன. வலது கணுக்காலின் உட்புறம் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. மருத்துவர் இறுக்கமான காலுறை ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும், நிற்கிற நேரமெல்லாம் காலில் இருக்க வேண்டும், இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். அது முடியாதென்றால் நிற்கிற வேலையை விட்டுவிட வேண்டும். இப்படியே நின்றுகொண்டிருந்தால் புண் எலும்புவரை போய்விடும் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சந்திரிகா வேலை பார்த்தது உஸ்மான் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள அருள்வடிவு பட்டு மாளிகையில். முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பெரிய பக்திமான். கடை திறந்ததும் முருகன் படத்துக்குச் சாம்பிராணி காட்டாமல் முதல் பில் போடமாட்டார். பங்குனித் திருவிழாவுக்கு மயிலாப்பூரில் பந்தல் போட்டு, வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோரும் புளியோதரையும் கொடுப்பார். பக்தர்களின் பாதம் சுடக்கூடாது என்று பந்தலைச் சுற்றிலும் தண்ணீர் தெளித்துக் கோணி விரிக்கச் சொல்வார். ஊரார் பாதங்களைப் பற்றி அத்தனை அக்கறை உள்ளவர். கடைக்குள் இருந்த பாதங்களைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது அண்ணாச்சி முதல் ஆளாகக் கீழ்ப்படிந்தார். மாடிக்கு மாடி முக்காலிகள் வந்து இறங்கின. இன்றைக்கும் அவை இருக்கின்றன. ஒன்றின்மேல் பூச்சாடி, ஒன்றின்மேல் பட்டுப்பாவாடை கட்டிய பொம்மை. முக்காலி வாங்கச் சட்டம் சொன்னது, வாங்கியாயிற்று. யார் உட்கார வேண்டும் என்பதில் கடைக்கும் சட்டத்துக்கும் சின்னக் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்.

முதல் மாடி முகூர்த்தப் பட்டுப் பிரிவு கொஞ்சம் கோயில் மாதிரி. தரை முழுக்க மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு. கல்யாணப் புடவை அதில் விரிவதால், வாங்க வருகிறவர்களும் விற்கிறவர்களும் மாடிப்படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றி, டோக்கன் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். வாங்குகிறவர்கள் திண்டில் சாய்ந்து உட்காரலாம். விற்கிறவர்கள் நின்றபடி புடவையை உதறி, தோளில் போட்டு, முந்தியை விரித்துக் காட்டுவார்கள். சந்திரிகா அந்த மெத்தையில் நின்றுதான் வயதானாள்.

அவளுக்குக் கைராசி என்று ஒரு பெயர் உண்டு. அவள் எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையில் கழுத்தை நீட்டிய பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு பேச்சு. தாய்மார்கள் வந்து பெயர் சொல்லியே கேட்பார்கள். அதனால்தான் காலுறை விஷயம் கிளம்பியபோது மேலாளர் முத்துகிருஷ்ணனுக்குத் தலைவலியாகப் போயிற்று. கைராசி உள்ளவளை அனுப்பவும் முடியவில்லை, காலுறை போட்டவளை மெத்தையில் ஏற்றவும் மனம் வரவில்லை. கை ராசியானது, கால்தான் தீட்டு.

முத்துகிருஷ்ணன் அண்ணாச்சிக்குத் தூரத்து உறவு, அதனால் அண்ணாச்சியைவிடப் பக்தி ஒரு படி கூட. காலில் போடுவதெல்லாம் செருப்பு வகைதான் என்பது அவன் தீர்மானம். அதுவும் தோல்நிறத்தில், கட்டுப்போட்ட கால் மாதிரி. சுபகாரியத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் அது பட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். காலுறையோடுதான் நிற்பேன் என்றால், கீழ்த்தளத்துப் பள்ளிச் சீருடைப் பிரிவுக்குப் போகலாம், அங்கே காலுறைதான் வியாபாரமே என்று தாராளமாக வழி சொன்னான். அந்தத் தாராளத்தின் அர்த்தம் கடையில் எல்லாருக்கும் தெரியும். சீருடைப் பிரிவு பள்ளிக்கூடம் திறக்கிற காலத்தில் ஜேஜே என்று இருக்கும். சீசன் முடிந்ததும் அதை இழுத்து மூடிவிடுவார்கள். அங்கிருந்த பெண்கள் அடுத்த கோடைவரை வீட்டில் இருப்பார்கள். நந்தனத்தில் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் இருக்கிற வசதி சந்திரிகாவுக்கு இல்லை.

போகமாட்டேன் என்றாள். கெஞ்சியும் பார்த்தாள். முத்துகிருஷ்ணன் இரண்டு நாள் யோசித்து, யாருக்கும் நோகாத ஒரு வழி கண்டுபிடித்தான். காலுறை போட்டுக்கொள்ளட்டும், தாராளமாக. மெத்தை ஏறும்போது மட்டும் செருப்பைப்போலக் கீழே கழற்றி வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளட்டும். சாப்பாட்டு வேளைக்கு இறங்கி வரும்போது மறுபடி மாட்டிக்கொள்ளட்டும்.

ஆக, நின்றால் போட வேண்டிய காலுறையை அவள் நிற்கும்போது கழற்றினாள், உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடும்போது போட்டுக்கொண்டாள். மருத்துவம் தலைகீழாக நடந்தது. ஆனால் விதி காப்பாற்றப்பட்டது.

போட்டுக்கொள்வதும் லேசில்லை. காலையில் வீக்கம் வடிந்திருக்கும் கால், மதியத்துக்குள் வீங்கிவிடும். வீங்கிய காலில் அந்தக் காலுறை ஏறாது. பவுடர் போட்டு, பல்லைக் கடித்து, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி பின்னாலிருந்து இழுத்தால் குதிகால் தாண்டும். அது முழங்காலைத் தொடுவதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். பிறகு கழற்ற வேண்டும்.

செருப்பு வைக்கும் இடத்தில் இருந்தவர் மெஹபூப் அலி. தாடி நரைத்தவர், பேச்சு குறைவு. முதல் நாள் அவள் காலுறையைச் சுருட்டி நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"இத்த எங்க வெக்கச் சொல்ற?"

"செருப்போட வெச்சிட்டு டோக்கன் குடுங்க பாய். மேனேஜர் சொல்லிக்கீறாரு."

"மேனேஜரு ஆயிரம் சொல்வாரு. இது மருந்துமா. மருந்த எவனாவது செருப்பாண்ட வெப்பானா?"

தன் தொழுகைக் குல்லாவும் மாற்றுச் சட்டையும் தொங்கிய ஆணியில், சுத்தமான ஒரு துணிப்பைக்குள் போட்டு அதை மாட்டினார். டோக்கன் மட்டும் கொடுத்தார். டோக்கன் இருக்கிறதா என்று முத்துகிருஷ்ணன் பார்ப்பான். ஆணியைப் பார்க்கமாட்டான்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் முத்துகிருஷ்ணனுக்கு நியாயவான் என்று பெயர் வாங்கும் ஆசை இருந்தது. ஒரு பெண்ணை மட்டும் குறிவைத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. மாடிப்படி அடியில், செருப்பு ரேக்குக்கு நேர் மேலே, சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு மாட்டினான். முகூர்த்த மெத்தையில் யாராயினும் காலணி, காலுறை அணிந்து ஏறுதல் கூடாது என்று அது சொன்னது. 'யாராயினும்' என்ற சொல் அவனே யோசித்துச் சேர்த்தது. அதில் அவனுக்கு ஒரு பெருமை.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாடு முடிகிற நேரம், மயிலாப்பூரிலிருந்து கல்யாணராமனும் அவர் மனைவி ஜெயலக்ஷ்மியும் மகள் அனன்யாவுக்குக் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் புடவையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று மாமி ஆட்டோவிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் சந்திரிகா யார் என்று கேட்டாள். சாப்பிடப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று முத்துகிருஷ்ணன் குழைந்து அவளை மேலே அழைத்துப் போனான்.

மாமா பின்தங்கினார். அவர் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். போர்டு என்று ஒன்று இருந்தால் கடைசி எழுத்துவரை படிக்காமல் தாண்டமாட்டார். படித்தார். செருப்பைக் கழற்றி டோக்கன் வாங்கினார். கால்களில் வெள்ளைக் காலுறை இருந்தது. அதையும் கழற்றுவதற்காகச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண் ஏற்கனவே உட்கார்ந்து, தோலை உரிப்பதுபோல ஒரு காலுறையை உரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் காலுறையைப் பார்த்ததுமே சந்திரிகாவுக்குப் புரிந்தது. மேலே ரப்பர் இறுக்கம் இல்லாத, தடித்த பருத்தி. மருந்துக்கடையில் தனக்கு வாங்கும்போது பக்கத்துப் பெட்டியில் பார்த்தது. சுகர் இருக்கிறதா சார் என்று கேட்டாள்.

"இருக்கும்மா. நான் ரிடையர் ஆயிட்டேன், அது இன்னும் சர்வீஸ்ல இருக்கு" என்றார் அவர், ஒரு காலுறையைக் கழற்றியபடி. பாதம் வெளுத்து வறண்டிருந்தது. நடந்தால் தரை தெரிவதில்லை, பஞ்சுமேல் நடப்பதுபோலத்தான் இருக்கிறது என்று வேறு எதையோ சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

சந்திரிகாவின் கை நின்றுவிட்டது. மேலே மெத்தையில் ஒவ்வொரு புடவை பிரியும்போதும் ஒன்றிரண்டு குண்டூசி விழும். எவ்வளவு பெருக்கினாலும் விரிப்பின் மடிப்பில் ஒளிந்துகொள்ளும். வேலை செய்கிற பெண்கள் எல்லார் காலிலும் குத்தியிருக்கிறது. குத்தினால் ஒரு 'ஸ்' சொல்லிவிட்டுப் பிடுங்கி எறிவார்கள். இவருக்குக் குத்தினால் தெரியாது. தெரியாமலே வீட்டுக்குப் போவார். எப்போதோ ஒரு நாள் தெரியும்.

படிக்கட்டின் மேலே முத்துகிருஷ்ணன் நின்று, அவளை வரச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தான். போர்டு தலைக்குமேல் இருந்தது. அவள் வேலை ஏற்கனவே ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். கடையில் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் கடவுள் பெரும்பாலும் சும்மா இருந்து பார்க்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

"கழட்டாதீங்க சார்" என்றாள். "மேல குண்டூசி கிடக்கும். எங்களுக்குக் குத்தினா தெரியும், உங்களுக்குத் தெரியாது. போட்டுக்கிட்டே போங்க. யாராவது கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. குனிய அவர் சிரமப்படுவதைப் பார்த்து, கழற்றிய காலுறையை வாங்கி, உள்ளே விரலை விட்டுத் தடவி, ஒன்றும் உறுத்தவில்லை என்று பார்த்துவிட்டு, அவர் காலில் மாட்டிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி தன் காலைத் தொட்டதில் கல்யாணராமனுக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கத்தை மறைக்க அவள் மடியில் சுருண்டு கிடந்ததைக் காட்டி, அது என்ன, உனக்கும் சுகரா என்று கேட்டார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். புண்ணைச் சொன்னாள், டோக்கனைச் சொன்னாள். அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"இரு இரு. நிக்கறச்சே கழட்டிடணும், உக்காந்தா போட்டுக்கணுமா?"

"ஆமா சார்."

தணிக்கை உத்தியோகத்தில் அவர் எத்தனையோ விசித்திரங்களைப் பார்த்திருந்தார். இது புதிது.

அதற்குள் முத்துகிருஷ்ணன் இறங்கி வந்துவிட்டான். வாடிக்கையாளர் செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பதற்றமாக இருந்தது. காலுறையோடே வரலாம் சார், உங்களுக்கெல்லாம் அந்த ரூல் கிடையாது என்று இரண்டு கையாலும் படிக்கட்டைக் காட்டினான்.

கல்யாணராமன் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "யாராயினும்னு போட்டிருக்கே."

"அது ஸ்டாஃபுக்காக எழுதினது சார்."

"ஓ. அப்போ ஸ்டாஃப் கால்ல ஒட்டிக்கற தோஷம் என் கால்ல ஒட்டிக்காதா? எனக்கும் டாக்டர் சொல்லித்தான் போட்டுண்டிருக்கேன். அந்தம்மாவுக்கும் டாக்டர் சொல்லித்தான். ஒரே வித்தியாசம், நான் பில் கட்டறேன்."

முத்துகிருஷ்ணன் சிரித்தான். என்ன சொல்வது என்று தெரியாதபோது கடைக்காரர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. மாமா அசையவில்லை. விதி என்றால் எல்லாருக்கும் விதி. இந்தம்மா கழற்றினால் நானும் கழற்ற வேண்டும், நான் கழற்றினால் குண்டூசி குத்தும், ஆகையால் நான் மேலே வரவில்லை, புடவையை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

மேலிருந்து ஜெயலக்ஷ்மி மாமி இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கணவனுக்குப் பரிந்தும் பேசவில்லை, கடைக்குப் பரிந்தும் பேசவில்லை. "போர்டைப் படிக்கறதுக்குன்னே பொறந்தவர் இவர்" என்று பொதுவில் ஒன்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். கூறைப்புடவையைத் தாயும் தகப்பனும் சேர்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஒருவர் மேலே ஒருவர் கீழே என்று எடுக்க முடியாது. வேறு கடைக்குப் போகலாம் என்றால் ராகு காலம் வந்துவிடும். கொண்டு வாங்கோ இங்கேயே என்றாள்.

முகூர்த்தப் பட்டு செருப்பு ரேக்குக்கு இறங்கி வந்தது. காலுறை பட்டால் தீட்டு என்று காப்பாற்றி வைத்த ஒன்பது கஜப் புடவைகள், ரப்பர் செருப்புகளுக்கும் குதிகால் தேய்ந்த ஷூக்களுக்கும் முன்னால் வந்து நின்றன. மெஹபூப் அலி செருப்புகளையெல்லாம் வாரிப் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளித்தார். துவைத்து மடித்து வைத்திருந்த தன் வெள்ளை வேட்டியை எடுத்துப் பெஞ்சின்மேல் விரித்தார். மாமி அந்த வேட்டியை ஒரு தடவை பார்த்தாள், கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். ஆசாரம் கொஞ்சம் ஒதுங்கி நின்று வழிவிட்டது. ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கேள் பாய் என்றாள் சன்னமாக.

இந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குள் நுழைந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"என்னல நடக்குது இங்க? சாமிக்குப் படைக்கிற மாதிரி எடுத்து வைக்கிற சரக்க எங்க கொண்டாந்து வச்சிருக்க?"

முத்துகிருஷ்ணன் விளக்கினான். விளக்கம் எங்கே தொடங்கினாலும் போர்டில் போய் முட்டியது. அண்ணாச்சி போர்டைப் படித்தார். கல்யாணராமனைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மனிதர்களுக்கு ஞானம் பல வழிகளில் வருகிறது. யாராவது படம் எடுக்கும்போது கொஞ்சம் வேகமாக வருகிறது.

கடைசியில் அவர் சந்திரிகாவின் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உனக்குக் கால்ல என்னம்மா?"

அவள் எழுந்து நின்றாள். கரையை ஒரு விரற்கடை தூக்கினாள். கட்டும், கட்டின்மேல் கசிந்த ஈரமும், அதைச் சுற்றிக் கறுத்த தோலும் தெரிந்தன. அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"நின்னு நின்னு வந்த புண்ணு அண்ணாச்சி. இதப் போட்டுக்கிட்டு நின்னா ஆறும்னாங்க. இங்க கழட்டிட்டு நிக்கச் சொல்றாங்க. இல்லாட்டி யூனிபார்ம் செக்‌ஷனுக்குப் போங்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு வேலையும் வேணும், காலும் வேணும். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கன்னா நான் எத எடுத்துக்கறது?"

அண்ணாச்சி வழக்கம்போல முருகன் படத்தைப் பார்த்தார். காலையில் போட்ட மாலை வாடத் தொடங்கியிருந்தது. வேலும் மயிலும் இருந்தன, பதில் இல்லை. பழனியில் மலை ஏறும்போது தன் கால் வலித்து உட்கார்ந்ததும், முன்பின் தெரியாத ஒருவர் தைலம் தேய்த்துவிட்டதும் அவருக்கு நினைவு வந்ததாகப் பின்னால் சொல்வார். உண்மையாகவும் இருக்கலாம். நல்லது செய்தபிறகு மனிதர்கள் அதற்கு நல்ல காரணம் தேடிக்கொள்வதில் தவறில்லை.

"துணிதான போட்டிருக்கா" என்றார். "துணிக்கடையில துணி ஆகாதுன்னு எவம்ல எழுதினது?"

எழுதியவன் தரையைப் பார்த்தான்.

"எடுல அத. யம்மா, நீ அதப் போட்டுக்கிட்டே மெத்தைக்குப் போ. இனி எப்பவும் போட்டுக்கிட்டே நில்லு. சார், நீங்களும் மேல வாங்க."

கல்யாணராமன் எழுந்தார். மாமி கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்தினாள். ஆனால் இப்போது ஓர் இக்கட்டு. போட்டுக்கொண்டே போ என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார், காலுறையோ மடியில் சுருண்டு கிடந்தது. காலோ வீங்கியிருந்தது.

நான் வெறுங்காலோடவே இன்னிக்கு மட்டும் வந்துடறேன் என்று சந்திரிகா சொன்னாள். கல்யாணராமன் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

எனவே எல்லாரும் காத்திருந்தார்கள். சந்திரிகா பெஞ்சில் உட்கார்ந்து காலில் பவுடர் தூவி, காலுறையை உள்புறமாகத் திருப்பி, விரலில் தொடங்கினாள். ராகு காலம் ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது, காலுறை ஒரு பக்கம் குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. உதவிக்கு இழுக்கும் பெண் அப்போதுதான் வெளியே சாப்பிடப் போயிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமி, பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நகரு. எங்காத்துல இவருக்கு நான்தான் போட்டு விடறேன். இது இன்னும் முரண்டு பிடிக்கறது போலிருக்கே."

"வேணாம் மாமி, புண்ணு இருக்கு."

"புண்ணு இருக்கறதாலதாண்டி போடறது."

ஒருத்தி முன்னால் இழுக்க, ஒருத்தி பின்னால் பிடிக்க, முதல் கால் ஏறியது. சந்திரிகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வலியா, வேறு ஏதாவதா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது காலுக்கு இன்னும் நேரம் ஆயிற்று. அருள்வடிவு பட்டு மாளிகையில் முதலாளி, மேலாளர், வாடிக்கையாளர்கள் எல்லாரும் நிற்க, விற்பனைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தது அன்றுதான். கைபேசியை உயர்த்தியிருந்த பெண் எப்போதோ அதைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

பிறகு அவள் மெத்தை ஏறினாள். உலகம் முடிந்துவிடவில்லை. விரிப்பில் ஒரு கறைகூட விழவில்லை. அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம், மயில்கழுத்துக் கரை போட்டது, இரண்டாவது புடவையிலேயே மாமா மாமி இருவருக்கும் மனசுக்குப் பட்டுவிட்டது. ராகு காலம் தொடங்கும்போது புடவை மாமியின் கையில் இருந்தது.

அண்ணாச்சி ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் நிற்கிற ஆள் இல்லை. தீபாவளிக்குக் கடைப் பெண்கள் எல்லாருக்கும் தன் கையால் காலுறை கொடுத்தார். கீழ்த்தளத்தில் சீசன் முடிந்து தேங்கிய சரக்கு அது. வெள்ளை நிறம், முழங்காலில் ரிப்பன் வைத்துத் தைத்தது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அளவு. ஒருத்திக்கும் கணுக்காலைத் தாண்டி ஏறவில்லை. அதற்காக யாரும் அதைத் தூக்கிப் போடவுமில்லை. தங்களுக்கும் கால் என்று ஒன்று இருப்பது முதலாளிக்கு நினைவு வந்திருக்கிறதே என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த தீபாவளிக்குச் சரியான அளவுகூட நினைவு வரலாம்.

போர்டைக் கழற்றிய நாளிலிருந்து முத்துகிருஷ்ணன் சந்திரிகாவிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பழிவாங்குவான் என்று மற்றப் பெண்கள் பயமுறுத்தினார்கள். அவளும் எதிர்பார்த்தபடிதான் இருந்தாள். தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மாலை, அவள் படியிறங்கும்போது அவன் நடுப்படியில் வழி மறித்து நின்றான். யாரும் பார்க்கிறார்களா என்று மேலும் கீழும் பார்த்தான். வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான். இத்தனை நாள் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தான். "அது எந்தக் கடையில வாங்குனீங்க? ஆம்பளைக்கு அளவு இருக்கா?"

அவள் அவன் காலைப் பார்த்தாள். காலைமுதல் இரவுவரை மாடிக்கு மாடி நின்றுகொண்டே இருக்கிற கால். இஸ்திரி போட்ட பேண்ட்டுக்குள் என்ன இருந்தது என்று இத்தனை நாள் யாருக்குத் தெரியும். கேட்டுவிட்டு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. டோக்கன் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நாமும் சிரித்திருப்போம்.

"இருக்கு சார்" என்றாள். "ஆனா இப்ப போய் அளவு குடுக்காதீங்க, கால் வீங்கியிருக்கும், தப்பா வரும். காலையில எழுந்து இறங்கறதுக்கு முன்னாடி அளவெடுக்கணும். டேப் இல்லாட்டி நாளைக்கு நான் கொண்டுவரேன்."

அவன் தலையாட்டினான். ஒதுங்கி வழிவிட்டான். இரண்டு படி இறங்கியபின் அவள் திரும்பி, முதல் ஒரு வாரம் போடும்போது வலிக்கும், விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.